பம்பர் பட்டைக்குப் பின்னால் பச்சை

அன்பும் மதிப்பும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் அத்தை, உங்கள் ஜீப் மூவரும் நலம் என்று தொடங்கவேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். நானும் அத்தையும் நலம். அங்கு உங்கள் நலத்தையும் என் மகளின் நலத்தையும் அறிய ஆவல். ஜீப்பைப் பற்றிக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். உட்கார்ந்து படிக்கவும்.

இந்தக் கடிதத்தை வீட்டுக்கு அனுப்பாமல் உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியதற்குக் காரணம், வீட்டுக்கு வந்தால் என் மகள்தான் முதலில் பிரிப்பாள் என்பது. போனில் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நீங்களும் நானும் இந்த மூன்றே கால் வருடத்தில் போனில் பேசிக்கொண்டதை எல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும் "சாப்பிட்டீங்களா மாமா?", "ஆச்சு மாப்பிள்ளை, நீங்க?", "ஆச்சு மாமா", "சரி, அத்தைகிட்ட குடுக்கறேன்" என்பதற்கு மேல் ஒரு வரி தேறாது. சாப்பிடாத நாளில்கூட நான் 'ஆச்சு' என்றுதான் சொல்லியிருக்கிறேன். நீங்களும் அப்படித்தான் என்று என் மகள் சொல்லிக் கேள்வி. அப்படிப்பட்ட இரண்டு பேர் திடீரென்று பம்பரைப் பற்றி எப்படிப் பேச ஆரம்பிப்பது? ஆகவே கடிதம்.

எட்டு மாத வேலையாக நீங்கள் இருவரும் வெளியூர் கிளம்பியபோது ஜீப்பை என் பொறுப்பில் விட்டுப் போனீர்கள். கூடவே ஒரு தாள் கொடுத்தீர்கள். ஞாயிறுதோறும் சாவியைத் திருப்பிப் பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட வேண்டும், உறையை வெயிலில் காயப்போட வேண்டும், டயரில் காற்று இறங்கினால் தெருமுனைப் பஞ்சர் கடைக்காரரை வீட்டுக்கே வரவழைக்க வேண்டும் என்று வரிசையாகப் போய், கடைசியில் 'ஹேண்ட்பிரேக்கைத் தொட வேண்டாம்' என்று எழுதி அதன் அடியில் மூன்று கோடு போட்டிருந்தீர்கள். வண்டியே ஓட்டத் தெரியாத ஒருவனுக்கு மூன்று கோடு எதற்கு என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். நான் ஒன்றும் அந்த வண்டிக்குப் புதியவன் அல்ல. நீங்கள் அதை வாங்கி முதன்முதலாகக் காட்ட வந்த அன்றே, எல்லோரும் கண் அயர்ந்திருந்த நேரத்தில், ஒரு மரியாதைக்காக ஏறி உட்கார்ந்து, இருக்கிற எல்லாவற்றையும் ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு, எதையும் உடைக்காமல் இறங்கி வந்தவன். இருந்தாலும் மாப்பிள்ளை சொல்லை மீறக்கூடாது என்று ஹேண்ட்பிரேக் பிடியில் ஒரு சிவப்பு லேபிள் ஒட்டினேன். மருந்தகத்தில் இருந்து நான் ஓய்வு பெற்றபோது கையோடு வந்த லேபிள்களில் சிவப்பு நிறத்தில் மிச்சமிருந்தது 'விஷம்' மட்டும்தான். கருத்து ஒன்றுதானே என்று அதையே ஒட்டிவிட்டேன். திரும்பி வந்ததும் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

வந்த வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. முன்பம்பரின் இடது ஓரத்தில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பட்டை இருக்கிறதே, அது ஒரு முனையில் தளர்ந்து, லேசாகக் காற்று அடித்தாலே 'லடக், லடக்' என்று தட்ட ஆரம்பித்தது. நான் மதியம் படுக்கும் அறை ஜன்னலுக்கு நேர் கீழேதான் ஜீப் நிற்கிறது. ஒரு வாரம் பொறுத்தேன். காதில் பஞ்சு வைத்தேன். பஞ்சு வைத்தால் அத்தை காபிக்குக் கூப்பிடுவது கேட்கவில்லை, அதனால் வேறு ஒரு சண்டை வந்தது. கடைசியில், பட்டையைக் கழற்றி, வெயிலில் வெளுத்துப்போன அதை எண்ணெய் போட்டுத் துடைத்துப் புதிது போலாக்கி, இறுக்கி மாட்டிவிட்டால் நீங்கள் வந்து பார்த்ததும் 'மாமா பண்ணதா இது!' என்று ஒரு முழு வாக்கியமாவது பேசுவீர்கள் என்று தோன்றியது. உண்மையைச் சொல்கிறேன், அந்த வாக்கியத்துக்காகத்தான் செய்தேன்.

"பேசாம விடுங்களேன். அவர் வந்து பார்த்துக்குவார்" என்றாள் உங்கள் அத்தை.

"பத்து நிமிஷ வேலை. வீடியோவே இருக்கு" என்றேன்.

வீடியோவில் ஒரு மனிதர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே நாலு நிமிடத்தில் கழற்றிக் காட்டினார். உள்ளே ஏழு கிளிப்புகள் இருக்கும், பிளாஸ்டிக் குளிர்ந்திருந்தால் ஒடியும், சூடு காட்டி இளக்கிக்கொண்டு, தட்டையான கரண்டி ஒன்றைச் செருகி ஒவ்வொன்றாக நெம்ப வேண்டும் என்றார். கரண்டிக்கு எங்கே போவது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. முப்பத்துநாலு வருடம் நான் களிம்பு குழைத்த கரண்டி என்னிடம் இருக்கிறது. சூட்டுக்கு என் மகள் விட்டுப்போன, முடி உலர்த்தும் மெஷின். கழற்றிய கிளிப்புகள் இடம் மாறிவிடக் கூடாதே, அதற்கு என் வாரமாத்திரை டப்பா. கிளிப் ஏழு, டப்பாவில் அறை ஏழு. அதிலிருந்த மாத்திரைகளை ஒரு டம்ளரில் கொட்டிவிட்டு, டயர் பக்கம் ஞாயிறு, விளக்குப் பக்கம் சனி என்று முடிவு செய்துகொண்டு வாசலில் சாக்கை விரித்துப் படுத்தேன். மெஷினைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று அத்தையை நாற்காலி போட்டு உட்கார வைத்தேன்.

"என் தலையை ஒரு நாள் இப்படி உலர்த்தி விட்டிருப்பீங்களா? பம்பருக்கு வந்த வாழ்வைப் பாரு" என்றாள்.

ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்றும் சாதுவாகக் கழன்று வந்தன. புதன் என் கையை விட்டுத் துள்ளி, மருதாணிச் செடிக்குள் போய் விழுந்து, கால் மணி நேரம் தேடவிட்டுப் பிறகு கிடைத்தது. வியாழனில் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. தைரியம் வந்ததும் சூடு காட்ட மறந்துவிட்டேன். டப் என்று ஒடிந்தது. வெள்ளிக்கு அளவுக்கு அதிகமாகச் சூடு காட்டியதில் இளகி, வாலைச் சுருட்டிக்கொண்டது. சனி வரவே மாட்டேன் என்றது. எழுந்து போய் வீடியோவை இன்னொரு முறை பார்த்தால், அந்த மனிதர் முதலிலேயே சக்கரத்துக்கு உள்புறமாக ஒரு திருகாணியைக் கழற்றியிருக்கிறார். நான் அப்போது கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன் போலிருக்கிறது. திருகாணியைக் கழற்றிவிட்டு வந்து சனியைத் தொட்டால், அது ஏற்கனவே இரண்டாகப் போய்விட்டிருந்தது. இதற்குள் அத்தை உள்ளே போய் வந்து, "இந்த வாரத்து பிரஷர் மாத்திரையெல்லாம் டம்ளர்ல கிடக்கு, கிளிப்பெல்லாம் டப்பாவுல படுத்திருக்கு. காலையில எதைங்க முழுங்கப்போறீங்க?" என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல நான் திரும்பிய அந்த நொடியில் பட்டை மொத்தமாகக் கழன்று என் மடியில் விழுந்தது.

மாப்பிள்ளை, இதுவரை எழுதியது சிரிப்பதற்காக. இனி வருவது அப்படி அல்ல.

பட்டைக்குப் பின்னால் காய்ந்த சேறும், ஒரு பழைய குளவிக்கூடும், அவற்றுக்கு நடுவே உள்ளங்கை அகலத்துக்குப் பம்பர் இரும்பு உள்வாங்கிய ஒரு பள்ளமும் இருந்தன. பள்ளத்தின் விளிம்பில் பச்சைப் பெயின்ட் அப்பியிருந்தது. எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்த்தேன். போகவில்லை. எழுந்து போய் நம் கேட் தூணில் கை வைத்துப் பார்த்தேன். பிறகு தூணடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அத்தை ஓடிவந்து, மயக்கமா, மாத்திரை போடலையே என்று பதறினாள். மயக்கம் இல்லை என்றேன். உண்மையில் அது என்னவென்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

அந்தப் பச்சையை நீங்கள் வேறு எந்தச் சுவரிலும் பார்க்க முடியாது. கடையில் வாங்கியது எதுவும் பிடிக்காமல், அளவுக் குழாயை வைத்துக்கொண்டு, பச்சை மூன்று பங்கு, நீலம் ஒரு பங்கு, வெள்ளை அரைப் பங்கு, கடைசியில் ஆறு சொட்டுக் கறுப்பு என்று நானே கலந்தது. பெயின்டர் பக்கத்தில் நின்று, "சார், இதை எத்தனை வேளைக்குக் குடுக்கணும்?" என்று கேட்டார். மீந்த டப்பாவின் மேல் கலவையின் விவரம், தேதி, என் கையெழுத்து எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். ஆகவே அந்தப் பச்சை உங்கள் பம்பரில் இருக்கிறது என்றால், உங்கள் பம்பர் என் தூணை முட்டியிருக்கிறது. இதில் இரண்டாவது அபிப்பிராயம் கேட்க வேண்டியதே இல்லை.

மூன்று வருடத்துக்கு முன்பு, நான் ஓய்வு பெற்ற வாரத்தில், ஒரு மதியத் தூக்கம் முடிந்து வெளியே வந்து பார்த்தபோது அந்தத் தூணின் மூலை பெயர்ந்திருந்தது. அன்று நான் யார் மேல் பாய்ந்தேன் என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும், என் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தீர்கள். எதிர்வீட்டு அச்சகக்காரர் மேல். நம் தெரு முட்டுச்சந்து. வேன் திரும்ப இடம் கிடையாது. பத்தொன்பது வருடமாக அவர் தன் வேனை நம் கேட்டுக்குள் மூக்கை நுழைத்துத்தான் திருப்பிக்கொண்டு போவார். நான்தான் அப்படிச் செய்யச் சொல்லியிருந்தேன். மருந்தகத்துக்கு லேபிள் அடித்துக் கொடுத்தவர் அவர். உங்கள் கல்யாணப் பத்திரிகை அவர் அச்சடித்தது. நான் எங்கே என்ன எழுதி அனுப்பினாலும், சிவப்புப் பென்சிலை வைத்துக்கொண்டு அவர் ஒரு முறை பிழை பார்க்காமல் உறையில் போனதில்லை. சனிக்கிழமை மாலைகளில் செஸ். அப்படிப்பட்ட மனிதரிடம், "திருப்பும்போது இடிச்சுட்டு, சொல்லாமப் போனீங்களே" என்றேன். "இன்னைக்கு நான் வேனையே எடுக்கலையே" என்றார். "அப்ப வேன்ல என்ன பச்சை?" என்றேன். "அது மைங்க" என்றார். வேன் முழுக்க எல்லா நிறத்திலும் மைக்கறை உண்டு என்பது எனக்குத் தெரியாததா? அன்று எனக்குப் பச்சை மட்டும்தான் கண்ணில் பட்டது. "பொய் சொல்றதுக்கு ஒரு வயசு இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, என் முகத்தையே பார்த்தார். பிறகு வீட்டுக்குள் போனார்.

மறுவாரம் கேட்டுக்குப் பூட்டு வாங்கிப் போட்டேன். அன்றிலிருந்து அவர் தினமும் தெருமுனை வரைக்கும் வேனைப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று, தலையைத் திருப்பியபடி, எண்பது அடி. போன வருடம் முதல் அவர் கழுத்தில் பட்டை போட்டிருக்கிறார். அந்த மாதிரிப் பட்டையை மருந்தக ஜன்னல் வழியே எத்தனை பேருக்கு எடுத்துக் கொடுத்தவன் நான்! ஆனால் எதிர்வீட்டில் ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு வேனை ரிவர்ஸ் எடுப்பதை மாடியிலிருந்து பார்க்கும்போது, 'நல்லா வேணும்' என்றுதான் நினைத்தேன். எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் எழுதிவைக்கிறேன்.

சரி, பச்சையைப் பார்த்தேனே, உடனே ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன் என்று நினைக்காதீர்கள். பட்டையை மறுபடியும் மாட்டிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மாட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. மாப்பிள்ளையின் மானம், என் மானம், மகளின் நிம்மதி எல்லாம் அந்தக் கறுப்புப் பட்டைக்குப் பின்னால் பத்திரமாக இருக்கும். இரண்டு நாள் முயன்று பார்த்தேன். ஏழு கிளிப் தேவைப்படும் இடத்தில் நல்லதாக இருந்தது நாலு. மூன்றுக்குப் பதில் மருந்துக்கடை ரப்பர் பேண்ட் போட்டேன், டேப் ஒட்டினேன். ஒவ்வொரு முறையும் சொல்லி வைத்தாற்போல அந்தப் பச்சை இருக்கும் முனை மட்டும் கழன்று தொங்கியது. தெரிந்தே ஒன்றை மூடி வைப்பது இத்தனை சிரமமான வேலை என்று எனக்கு இதற்கு முன் தெரியாது. மூன்றாம் நாள் அத்தை தற்செயலாக, "எதிர்வீட்டுல பெட்டியெல்லாம் கட்டறாங்க. வர்ற சனிக்கிழமை மகன் ஊருக்கே போறாங்களாம், வீட்டைக் காலி பண்ணிட்டு" என்றாள். பெண்கள் இருவரும் இந்த மூன்று வருடமும் மொட்டைமாடிக்கு மொட்டைமாடி பேசிக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள். சண்டை எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

அன்று காலை பட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தேன். எட்டு அடித் தெரு. மூன்று வருடமாகக் கடக்காத தெரு. முன்னறை முழுக்க அட்டைப்பெட்டிகள். நடுவில் அவர் கழுத்துப் பட்டையோடு, ஒரு பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். நேற்றுதான் எழுந்து போனவனைப் பார்ப்பதுபோல, "வாங்க. அந்தக் கயிறை ஒரு விரல் வெச்சு அழுத்திக்கோங்க, முடிச்சுப் போடணும்" என்றார். நான் அழுத்திக்கொண்டேன். விரலை எடுக்க முடியாத நிலையிலேயே விஷயத்தைச் சொன்னேன்.

"இதைப் பாருங்க. பின்னாடி இருந்த பச்சை என் தூண் பச்சை. வேன்ல இருந்தது மைதான்."

"தெரியும்" என்றார்.

"எப்போலேர்ந்து?"

"அன்னைக்கே. ஜன்னல்ல நின்னு பார்த்துட்டுத்தானே இருந்தேன்."

"பார்த்தீங்களா? அப்புறம் ஏன் சொல்லலை?"

"சொல்ல வாயெடுத்தேன். உங்க முகத்தைப் பார்த்ததும் வேண்டாம்னு விட்டுட்டேன். சாயங்காலமே உங்க மாப்பிள்ளை வந்து மன்னிப்பும் கேட்டுட்டார். அப்புறம் என்ன? வேணும்னு பண்ணதா? கை தவறி நடந்தது."

"அதுக்காக மூணு வருஷமா?"

"ஒரு வாரத்துல உங்க கோபம் ஆறிடும், மெதுவா சொல்லிக்கலாம்னு நினைச்சோம். நீங்க பூட்டு வாங்கிட்டு வந்துட்டீங்க."

"கழுத்து எப்படி இருக்கு?"

"இருக்கு."

பக்கத்தில் இருந்த அட்டைப்பெட்டி மேலேயே உட்கார்ந்தேன். உள்ளே ஏதோ நொறுங்கியது. "பரவாயில்லை, பழைய பல்புதான்" என்றார். பிறகு எழுந்து போய், இன்னும் கட்டாமல் வைத்திருந்த செஸ் பலகையை எடுத்து வந்து எனக்கு முன்னால் வைத்தார். சண்டை வந்த வாரம் பாதியில் விட்ட ஆட்டம். எந்தக் காய் எந்தக் கட்டத்தில் என்று அன்றே ஒரு தாளில் குறித்து வைத்திருந்து, அதன்படியே அடுக்கினார். தொலைந்துபோன என் சிப்பாய்க்குப் பதிலாக வழக்கம்போல அச்சகத்து ஈய அச்செழுத்து ஒன்று நின்றது. "மூணு வருஷமா உங்க முறை" என்றார். ஆடினேன். கண் சரியாகத் தெரியாமல் குதிரையைக் கொடுத்துவிட்டேன்.

இனி உங்களிடம் வருகிறேன் மாப்பிள்ளை. நான் வாய்விட்டுப் பேசுகிறவன் அல்ல, எழுத்திலாவது சொல்லிவிட வேண்டும். தூணை இடித்தது தப்பே இல்லை. தூண் சிமென்ட், பூசிக்கொள்ளலாம். ஆனால் இடித்தவர் நீங்கள், பட்டை வாங்கி மூடியவர் நீங்கள், நான் ஒரு நல்ல மனிதரைப் பொய்யன் என்று சொன்னபோது பின்னால் பேசாமல் நின்றவரும் நீங்கள். அவரிடம் போய் ரகசியமாக மன்னிப்புக் கேட்டவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒவ்வொரு முறை வரும்போதும் எதிர்வீட்டுக்குப் போய் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவீர்களே, என் விரோதியோடு என்ன உறவு என்று நான் உள்ளுக்குள் புழுங்கியிருக்கிறேன். அது உறுத்தல் என்று இப்போதுதான் புரிகிறது. மாமனாரிடம் அத்தனை பயமா? நான் கடித்தா தின்றுவிடுவேன்? பத்தொன்பது வருட நண்பரில் மூன்று வருடம் எனக்குப் போய்விட்டது, மீதியும் சனிக்கிழமையோடு வேறு ஊருக்குப் போகிறது. முப்பத்துநாலு வருடம் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று, தவறு நடந்தால் நடந்த நிமிடமே சொல்லிவிட வேண்டும், தாமதித்தால்தான் ஆபத்து என்று எத்தனை புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! வீட்டு மாப்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்காமல் விட்டது என் குறைதான்.

போகட்டும். வயதில் மூத்தவன் என்ற முறையில் உங்களை மன்னித்துவிட்டேன். மகளிடம் இதைச் சொல்லப்போவதில்லை. அந்தப் பள்ளத்தை மட்டும் மூடப்போவதில்லை. வண்டியில் ஏறும்போதெல்லாம் அது உங்கள் கண்ணில் படட்டும். புதிய பட்டையோ கிளிப்போ வாங்கிவர வேண்டாம்.

ஞாயிறுதோறும் பத்து நிமிடம் இன்ஜின் தவறாமல் ஓடுகிறது. என் மகளைத் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லவும். உங்கள் இருவருக்கும் மாத்திரை டப்பாவுக்கு வேலையே இல்லாத நீண்ட வாழ்வு அமைய, நானும் அத்தையும் மனதார வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும் மாமனார்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்ததும், பழைய வழக்கத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்வோமே என்று பிழை பார்க்க அச்சகக்காரரிடம் கொண்டுபோனேன். சிவப்புப் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தார். மருதாணிச் செடி வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தார். கடைசிப் பக்கத்தில் பென்சில் நின்றுவிட்டது.

"இது யாரைச் சொல்றீங்க?"

"மாப்பிள்ளையைத்தான். இடிச்சது அவர்தானே?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் கழுத்து வலிக்கிறது, ஆகவே பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எழுத்துப் பிழை பெருசா ஒண்ணும் இல்லை. ஆளைத்தான் மாத்திப் போட்டிருக்கீங்க" என்றார்.

"அப்ப யாரு?"

"அன்னைக்குப் புது ஜீப்புல ஏறி உட்கார்ந்து, எல்லாத்தையும் தொட்டுப் பார்த்துட்டு இறங்கினீங்களே. இறங்கிக் கதவை ஓங்கிச் சாத்திட்டு உள்ள போனீங்க. நான் காபி டம்ளரைக் கழுவி வெச்சுட்டு ஜன்னலுக்கு வர்றேன், வண்டி ஆளில்லாம மெதுவா உங்க வாசல் சரிவுல இறங்கி வந்துட்டிருக்கு. வந்து தூண்ல சாஞ்சுது. சத்தம் கேட்டு வந்தது உங்க மாப்பிள்ளை மட்டும்தான். என்னைப் பார்த்து வாயில விரலை வெச்சார், வண்டியை ஏத்தி நிறுத்தினார்."

எனக்கு இப்போது நினைவுக்கு வருகிறது மாப்பிள்ளை. இரண்டு இருக்கைக்கும் நடுவில், இப்போது 'விஷம்' ஒட்டியிருக்கும் அந்தப் பிடி தூக்கலாக நின்றது. முப்பத்துநாலு வருடம் அலமாரியில் ஒரு பாட்டில்கூட வரிசையை விட்டுத் துருத்தி நிற்க விட்டவன் அல்ல நான். பார்க்க ஒழுங்காக இல்லையே என்று, நுனியில் இருந்த பொத்தானை அழுத்திப் படுக்க வைத்துவிட்டு இறங்கினேன்.

"அப்ப எதுக்கு அவர் உங்ககிட்ட மன்னிப்பு கேட்டார்?" என்றேன்.

"உங்களுக்குப் பதிலா. 'மாமா இந்த வாரம்தான் ரிட்டயர் ஆகியிருக்கார். முப்பத்துநாலு வருஷத்துல ஒரு தடவை கை தவறினதில்லைன்னு மேடையில சொல்லிட்டு வந்திருக்கார். இப்ப சொன்னா தாங்கமாட்டார், கொஞ்ச நாள் போகட்டும்'னார். நானும் சரின்னேன். வர்றப்பல்லாம் வந்து, 'இன்னும் சொல்ல முடியலை, மன்னிச்சிடுங்க'ன்னு உட்கார்ந்துட்டுப் போவார்."

வீட்டுக்கு வந்து நீங்கள் எழுதிக் கொடுத்த தாளை எடுத்து அந்த மூன்று கோடுகளையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கடிதத்தைக் கிழித்துப்போட்டுவிட்டு வேறு எழுதலாம் என்று திரும்பவும் அவரிடம் போனேன். கிழிக்க விடவில்லை. "அச்சானதைக் கிழிக்கற வழக்கம் எங்க தொழில்ல இல்லை. கடைசியில பிழைதிருத்தம் போட்டு அனுப்புங்க. படிக்கறவர் சேர்த்துப் படிச்சுக்குவார்" என்றார். பூட்டை இன்று காலை கழற்றிவிட்டேன். சனிக்கிழமை அவர் வேன் நம் கேட்டுக்குள் வந்து திரும்பி, முன்பக்கமாகத்தான் போகும். அதற்கு முன் இரண்டு ஆட்டம் பாக்கி இருக்கிறது. ஆகவே சுருக்கமாக:

பிழைதிருத்தம். 'இடித்தவர் நீங்கள்' என்பதை 'இடித்தவன் நான்' என்று வாசிக்கவும். 'மாமனாரிடம் அத்தனை பயமா' என்ற வரியையும், புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததாக வரும் பகுதி முழுவதையும் எடுத்துவிடவும். 'எதையும் உடைக்காமல் இறங்கி வந்தவன்' என்பது அச்சில் வந்தே இருக்கக் கூடாது. பள்ளம் 'உங்கள் கண்ணில் படட்டும்' என்ற இடத்தில் 'என் கண்ணில் படட்டும்' என்று இருக்க வேண்டும். பட்டை வேண்டாம் என்பதில் மாற்றம் இல்லை. போனில் நான் சொன்ன 'ஆச்சு'களில் பாதி பிழை. அடுத்த முறை கூப்பிடும்போது போனை உடனே அத்தையிடம் கொடுக்க மாட்டேன். கடைசியாக, 'மன்னித்துவிட்டேன்' என்பதை 'மன்னித்துவிடுங்கள்' என்று வாசிக்கவும்.